பேட்டரி நிறைஞ்சிருச்சுங்க

சாமி விளக்கு அணைந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. மலையேறிவிட்டது என்போம். அரிசி தீர்ந்துபோனால் நிறைந்துவிட்டது என்போம். வெளியே கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், என் மாமியார் வாசல்வரை வந்து நிறுத்தி, ‘வரேன்’ என்று சொல்ல வைத்த பிறகுதான் விடுவார். வாயிலிருந்து விழுந்த சொல் வீட்டை விட்டுப் போகாது என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான். பத்தாவதோடு நின்றவன் நான். பெரியவர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறவன்.

அடுப்பங்கரைக்கும் பூஜை அறைக்கும் இந்தப் பேச்சு சரி. இதே பேச்சை வைத்துக்கொண்டு ஒருவர் மோட்டார் சைக்கிளுக்குக் கரண்ட் வேலை பார்த்துப் பிழைத்தார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

பெருமாநல்லூர் ரோட்டில், ஒரு பனியன் கம்பெனியின் மதில் ஓரமாகத் தகரம் போட்ட கடை அவருடையது. வயரிங்காரர் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நெற்றி நிறையத் திருநீறு, காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. கை துடைக்க எப்போதும் தோளில் ஒரு பிடி பனியன் வேஸ்ட், கம்பெனியில் வெட்டிக் கழித்த துணி. செல்போன் எல்லோர் பையிலும் ஏறிக்கொண்டிருந்த சமயம் அது. அவரும் ஒன்று வைத்திருந்தார். அதில் முருகன் பாட்டு அடித்தால், பாட்டு முடிகிறவரை எடுக்க மாட்டார். சாமி பாட்டைப் பாதியில் நிறுத்தக்கூடாதாம். அதனால் அவரிடம் போனில் பேசியவர்கள் மிகக் குறைவு.

பேட்டரி தீர்ந்துபோன வண்டியைக் கொண்டுபோனால், “பேட்டரி நிறைஞ்சிருச்சுங்க” என்பார். ஃபியூஸ் போய்விட்டால், “ஃபியூஸ் மலையேறிருச்சுங்க.” ஹாரன் அடிக்கவில்லை என்றால், “ஹாரன் விரதத்துல இருக்குதுங்க.” ஒயர் கருகிப் புகை வந்த வண்டியைக்கூட மெதுவாக முகர்ந்து பார்த்துவிட்டு, “கொஞ்சம் சூடம் காட்டியிருக்குதுங்க” என்றார். எர்த் வயரை அவர் எர்த் என்று சொல்ல மாட்டார். பூமாதேவி வயர். “பூமாதேவி கொஞ்சம் வெலகி நிக்கறாங்க, சேத்து வெச்சாப் போதுமுங்க” என்பார். அந்த வயரைத் தொடும் முன் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், பவர் டேபிள் என்கிற மோட்டார் தையல் மெஷினில் தைக்கும் தெற்கத்திப் பக்கத்து டெய்லர் ஒருவர் இருந்தார். நாசரேத் பக்கம், சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர். ஊருக்குப் புதிது. அவர் தன் வண்டியை வயரிங்காரரிடம் காட்டினார். இவர் பார்த்துவிட்டு வழக்கம்போல, “பேட்டரி நிறைஞ்சிருச்சுங்க” என்றார். டெய்லர் சந்தோஷமாகக் கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பொங்கலூர் போய்விட்டார். திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டுதான் வந்தார். வேர்த்துக் கொட்டிய முகத்தோடு கடை முன் வண்டியைச் சாய்த்துவிட்டு நின்றார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

“நெறஞ்சிருக்குன்னுதான சொன்னிய?”

“ஆமாங்க.”

“நெறஞ்ச பேட்டரி எதுக்கு நடுரோட்டுல நிக்கிது?”

“நிறைஞ்சதுனாலதானுங்க நின்னுச்சு.”

டெய்லர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அண்ணே, இவரு என்னைய நக்கல் பண்ணுதாரா, இல்ல நெசமாவே இப்படித்தானா?”

நான் இடையில் புகுந்து அர்த்தம் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு சிரித்துவிட்டார். அதற்கப்புறம் கம்பெனியில் ஊசி உடைந்தால்கூட, “ஊசி மலையேறிட்டுல்லா” என்பார்.

துக்க வீட்டுக்கு வயரிங்காரர் வருவதைப் பார்ப்பதற்குத்தான் சங்கடமாக இருக்கும். எல்லோரும் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லி அழுவார்கள், அல்லது கையைப் பிடித்து ஆறுதல் சொல்வார்கள். இவருக்கு எந்தச் சொல்லும் வராது. ஒரு வீட்டில் அப்படித்தான், வந்தார், மாலையை வைத்தார், நின்றார். மேலே ட்யூப்லைட் ஒன்று விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டு ஏறி அதைச் சரிசெய்துவிட்டு இறங்கி, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அந்த வீட்டு அம்மா பிறகு என்னிடம் சொன்னார்: வந்தவர்கள் பேசியதெல்லாம் மறந்துபோயிற்று, அந்த லைட் மட்டும் நின்று எரிந்தது.

ஆனால் கெட்டதைச் சொல்லாத வாய், சொல்ல வேண்டிய கெட்டதையும் சொல்லாது என்பதை நான் என் மாமனார் விஷயத்தில்தான் பார்த்தேன்.

என் மாமனாரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அவர் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. ஆறு வோல்ட் பேட்டரி, உருண்டை லைட், அந்த லைட்டின் தலையிலேயே கரண்ட் காட்டுகிற ஒரு முள் மீட்டர். பெருமாநல்லூரில் நாலு நிட்டிங் மெஷின் போட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு ஓய்ந்து உட்கார்ந்த மனிதருக்கு, அந்த வண்டிதான் மிச்சமிருந்த ராஜ்யம். கிருத்திகை தவறாமல் அதில்தான் சிவன்மலை முருகனைக் கும்பிடப் போவார். பின்னால் உட்கார யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அவரும் யாரையும் கூப்பிட மாட்டார்.

ஒரு வருஷமாக அவருக்கு ஒரே குறை, லைட் மங்குகிறது. வாரம் தவறினாலும் வயரிங்காரர் கடைக்குப் போவது தவறாது.

“ஏப்பா, அகல் வெளக்காட்டம் எரியுது. என்னன்னு பாரு.”

“பாத்துடலாமுங்க சாமி.”

பல்பை மாற்றுவார். மாமனார் இரண்டு நாள் ஓட்டிவிட்டுத் திரும்ப வருவார். திரும்பவும் பல்பு. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், எங்கள் சந்து முனையில் மாமனார் வண்டியை நிறுத்தி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். என்னவென்று ஓடிப்போய்ப் பார்த்தால், எதிரே ஒரு பனியன் வேஸ்ட் மூட்டை கிடந்தது. மாடு படுத்திருக்கிறது என்று அது எழுந்து போவதற்காகக் காத்திருந்தார்.

“லைட்டு செரியில்ல மாப்ளே” என்றார்.

மாமியார் அன்றிரவு சாப்பிடவில்லை. மூட்டையாக இருந்ததால் நின்றார், தண்ணி லாரியாக இருந்திருந்தால்? “வண்டிக்கும் வயசாச்சு, அவருக்கும் வயசாச்சு. என்ற கழுத்துல இருக்கறது நெலைக்கோணுமுங்க மாப்பிள்ளை” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். வண்டியை விட்டுவிடச் சொல்லி எல்லோரும் கேட்டாயிற்று. மாமனார் காதில் வாங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் முருகன் கண் திறந்தான் என்று மாமியார் நினைத்தார். வீட்டுச் சந்துக்குள் இடது பக்கம் திரும்பும்போது வண்டி சட்டென்று நின்றுவிட்டது. எஞ்சின், லைட், ஹாரன் எல்லாம் ஒரே நொடியில் அடங்கிவிட்டன. மீட்டர் முள் நடுவில் செத்த மாதிரி நின்றது. எத்தனை உதைத்தும் ஒரு முனகல்கூட இல்லை. நான்தான் கடைவரை தள்ளிக்கொண்டு போனேன்.

வயரிங்காரர் சீட்டைக் கழற்றினார். பேட்டரியில் வயர் மாட்டும் இடத்தைச் சுரண்டிப் பார்த்தார். ஃபியூஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பூமாதேவி வயரைக் கண்ணில் ஒற்றி இழுத்துப் பார்த்தார். “எல்லாரும் ஒண்ணா உக்காந்துட்டாங்கன்னா, எல்லாருக்கும் பொதுவான வாசல்லதானுங்க ஏதோ தடங்கல். பல்பத் தேடக்கூடாது, வாசலத் தேடோணும்” என்றார். பெட்ரோல் டேங்கை இறக்கிச் சாக்கில் வைத்தார். ஹேண்டில்பார் கழுத்துப் பக்கம் கையை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தவர் கையை நிறுத்தினார். எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. ஆனால், “பாத்துட்டுச் சொல்றேனுங்க” என்று மட்டும்தான் சொன்னார்.

வீட்டில் மாமியார் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

“மாப்பிள்ளை, ஒரெட்டு அந்த வயரிங்காரரப் பாத்துட்டு வாங்க. வண்டிய... அதச் சொல்லச் சொல்லுங்க.”

“எதங்க அத்தை?”

“அதாங்க. இனிமேல்ட்டு அது...” பூஜை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “உங்களுக்குப் புரியுதில்லீங்க?”

“இனி ஓடவே ஓடாதுன்னு சொல்லச் சொல்றாங்க” என்றாள் என் மனைவி, தோசையைத் திருப்பியபடி.

“செவ்வாக்கெழமையும் அதுவுமா வாயப் பாரு இவளுக்கு” என்றார் மாமியார். பிறகு என்னிடம் குனிந்து, “நாம சொன்னா அவரு நம்ப மாட்டாருங்க. கெட்ட வார்த்தையே வாயில வராத மனுசன் அவரு. அவரே சொல்லீட்டாருன்னா, அப்பறம் பேச்சில்லீங்க” என்றார்.

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. தன் வாயால் சொல்லக்கூடாத ஒரு சொல்லை, தன்னைவிடச் சுத்தமான வாயால் சொல்லவைக்க மாமியார் ஏற்பாடு செய்தார். அந்தப் பொய்க்குத் தூது போன நானோ, கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறவன்.

கடையில் நானும் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன்.

“ஊட்டுல ஒரு சொல்லு சொல்லச் சொன்னாங்க. மாமா வந்து கேட்டார்னா நீங்க சொல்லோணும்.”

“என்ன சொல்லுங்க?”

“வண்டி இனிமே... நீங்களே பாத்துச் சொல்லுங்களேன்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. பனியன் வேஸ்டில் கையைத் துடைத்தார். துடைத்த கையைத் திரும்பத் துடைத்தார்.

“பொய்யிங்களா?”

“ஒரு நல்லதுக்குத்தானுங்க. அத்தை கண்ணுல தண்ணி விடறாங்க.”

“பொய்யிகூட ஒருவழியாச் சொல்லீரலாமுங்க. அந்த வார்த்தை வராதுங்களே.”

“உங்க வார்த்தையிலயே சொல்லுங்க. வண்டி மலையேறிருச்சுன்னு சொல்லீருங்க.”

அவர் நிஜமாகவே யோசித்தார். “வண்டி மலையேறிருச்சுன்னா, சிவன்மலைக்கு ஏறிருச்சாக்கும்னு சந்தோசப்படுவாருங்க.”

“அப்பறம் நிறைஞ்சிருச்சுன்னு சொல்லுங்க.”

“பெட்ரோல் நிறைஞ்சிருக்குன்னு கெளப்பீருவாருங்க.”

எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவர் முகம் வாடிவிட்டது. “எனக்கும் அவரு ஓட்டறது மனசுக்கு ஆகலீங்க. தடங்கல் இருக்கற எடம் அன்னைக்கே தெரிஞ்சுருச்சு. சேத்துவெக்கத்தான் கை வரமாட்டீங்குது” என்றார். ஏன் ஆகவில்லை என்று நான் கேட்கவில்லை. வயதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, ரோட்டில் நின்ற டவுன் பஸ்ஸிலிருந்து மாமனார் இறங்கினார். வெள்ளை வேட்டி சட்டை, கையில் வண்டிச் சாவி. வண்டியைக் கையோடு எடுத்துப் போகிற எண்ணத்தில் வந்திருந்தார்.

“மாப்ள இங்கதான் இருக்கறீங்களா? என்னப்பா, என்ற வண்டிக்கு என்ன வந்துச்சு?”

வயரிங்காரர் எழுந்து கும்பிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வாயால் சொல்ல முடியாததைக் கையால் காட்டுகிற பழக்கம் அவருக்கு. ஒரு பழைய ஹெட்லைட் பல்பில் இரண்டு வயர் இழுத்துக் கட்டிய டெஸ்ட் லாம்ப்பை எடுத்தார். ஒரு வயரை வண்டியின் இரும்பில் மாட்டினார். இன்னொன்றைச் சாவி போடும் இடத்தில் வைத்தார்.

“சாமி, ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்புங்க.”

மாமனார் திருப்பினார். பல்பு எரியவில்லை.

“இப்ப வலது பக்கமுங்க.”

திருப்பியதும் பல்பு எரிந்தது. பட்டப்பகல் வெளிச்சத்திலும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கழுத்துக்குள் ஒயர் அறுந்து தொட்டும் தொடாமலும் நிற்கிறது, ஒரு பக்கம் திருப்பினால் விலகுகிறது, மறுபக்கம் திருப்பினால் சேருகிறது என்று எனக்கே விளங்கிவிட்டது.

மாமனார் பல்பைப் பார்த்தார். இன்னும் குனிந்து பார்த்தார்.

“ரெண்டு பக்கமும் எரியலையேப்பா” என்றார்.

நானும் வயரிங்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“அப்ப முடிஞ்சுதா? சொல்லு. கரண்டே வரலைன்னா அப்பறம் என்ன இருக்குது அதுல?” மாமனாரின் குரல் இறங்கிவிட்டது. சாவியைக் கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

மாமியார் கேட்டது இவ்வளவுதான். கெட்ட சொல்லை மாமனாரே சொல்லிவிட்டார். வயரிங்காரர் அதற்கு ‘ஆமாங்க’ என்றால் போதும். அவர் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல் அது. நான் மாமனாரின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஆமாம் என்று சொல்லும்படி தலையை ஆட்டினேன்.

வயரிங்காரர் பல்பைப் பார்த்தார்.

“எரியுதுங்க சாமி” என்றார்.

“எங்க எரியுது?”

“நல்லா எரியுதுங்க.”

அவர் எழுந்து, மாமனாரின் கையை இரண்டு கையாலும் பிடித்து, கற்பூரத் தட்டுக்குக் கொண்டுபோவது மாதிரி அந்தப் பல்பின் பக்கத்தில் கொண்டுபோனார். மாமனாரின் விரல் கண்ணாடியில் பட்டது. சூடு தாளாமல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

ரோட்டில் இரண்டு பஸ் போயின. மாமனார் சுட்ட விரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எப்பருந்து?”

“மொதமொத லைட்டு மங்குதுன்னு வந்தீங்களே, அன்னைக்கிருந்துங்க.”

“அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

வயரிங்காரர் குனிந்தார். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே பனியன் வேஸ்டில் சுற்றிச் சுற்றி மாமனார் வண்டியிலிருந்து கழற்றிய பல்புகள் எல்லாம் இருந்தன. அத்தனையும் நல்ல பல்புகள். வருஷம் முழுக்க ஒரு நல்ல பல்பைக் கழற்றி இன்னொரு நல்ல பல்பைப் போட்டிருக்கிறார், உங்களுக்குக் கண் தெரியவில்லை என்கிற ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக. அந்த ஒரு வருஷமும் என் மாமனார், லாரி எது மாடு எது என்று தெரியாமல் பெருமாநல்லூர் ரோட்டில் போய் வந்திருக்கிறார். முருகன் கூடவே ஓடியிருக்க வேண்டும். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

“உன்ற நல்ல வார்த்தை என்னைக் கொன்னிருக்குமேப்பா” என்றார் மாமனார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு வயரிங்காரர்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. கோயம்புத்தூரில் ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன் ஆயிற்று. வீட்டுக்கு வந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய அன்று, காலண்டரில் முருகன் கையிலிருக்கும் வேலின் நுனிவரை தெரிகிறது என்று மாமனார் அழுதார். எல்லோரும் அழுதோம். மாமியாரும் அழுதார். மறுநாள் காலை மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைக் கேட்டபோதுதான் மாமியாருக்குத் தான் முந்தின நாள் சந்தோஷத்தில் அழுதது வீணாயிற்று என்று தெரிந்தது.

“ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் அந்த வண்டி காயலான் கடையில கெடக்கும்” என்றார். “நல்ல மனுசன்னு நம்புனேன் பாருங்க. கேட்டது ஒரு பொய்யி. அதக்கூடச் செய்யலீங்களே.” அதற்குப் பிறகு ரொம்ப நாள், வயரிங்காரர் கடையைத் தாண்டும்போது மாமியார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

கண் தெரிந்த மாமனார் முதலில் போனது அந்தக் கடைக்குத்தான். கழுத்து வயர் புதிதாகப் போட்டுத் தயாராக இருந்தது. நானும் கூடப் போயிருந்தேன். அவர் வயரைப் பார்க்கவில்லை. வயரிங்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏப்பா, உன்ற தலை இத்தனை நரைச்சா கெடக்குது? எனக்குச் சின்னவன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“சின்னவன்தானுங்க சாமி” என்றார் வயரிங்காரர்.

அடுத்த கிருத்திகைக்கு ஓர் அதிசயம் நடந்தது. இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது, இனி என்ன பயம் என்று மாமனார் பிடிவாதம் பிடித்து மாமியாரையே பின்னால் ஏற்றிவிட்டார். மடியில் பூக்கூடையோடு அவர் உட்கார்ந்தார். வண்டி எடுத்ததும் காது அடைக்கிற சத்தம். கண் தெரியாத காலத்தில் மாமனார் மாட்டு வண்டி வேகத்தில்தான் போவார். இப்போது எல்லாம் தெரிகிறதே, பறந்தார்.

நான் அப்போது வயரிங்காரர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். மாமனார் எங்களை நன்றாக அடையாளம் கண்டு ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். மாமியார் ஒரு கையால் அவர் சட்டையையும் இன்னொரு கையால் பூக்கூடையையும் பிடித்திருந்தார். இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார். உதடு மட்டும் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தது.

“பயத்துல கண்ணத் தொறக்கவே மாட்டீங்கறாங்க பாருங்க” என்றேன்.

வயரிங்காரர் அந்தத் திசையைப் பார்த்துக் கைகூப்பினார்.

“சாமி கும்படறாங்கங்க” என்றார்.